இருபத்திரண்டு டிகிரி

ஏர்கோன் குளிரவில்லை என்று காரைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் பின் கண்ணாடியை முழுதாக ஏற்றியிருக்க மாட்டார்கள். இருபத்தாறு வருடத் தொழிலில் நான் கண்டது இது. அவர்களிடம் நான் கோபித்துக்கொண்டதில்லை. கண்ணாடியை ஏற்றி, கொஞ்ச நேரம் உள்ளே உட்கார வைத்து, குளிர்ந்ததும் அனுப்பிவிடுவேன். சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள்.

சார்ஜன் பெரியதம்பி, இதையெல்லாம் எதற்கு எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள்தான் போலீஸ் ஸ்டேஷனில் தாளும் பேனாவும் கொடுத்து, அவசரமில்லை, ஆரம்பத்திலிருந்து எழுதுங்கள், இன்ஸ்பெக்டருக்கு நான் மலாயில் சொல்லிக்கொள்கிறேன் என்றீர்கள். ஆரம்பம் இதுதான். நான் சோதித்துப் பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றுகிறவன் இல்லை. வெளியே என்னை வெறி பிடித்தவன் என்கிறார்களாம். வெறி பிடித்தவனிடம் யாராவது வரிசையில் நின்று காரைக் கொடுப்பார்களா?

என் பெயர் அங்கமுத்து. வயது நாற்பத்தொன்பது. பட்டறை குருபோங்கில். வீடு புக்கிட் காத்திலில், வீடமைப்புத் தாமானின் கடைசி வரிசை. வீட்டில் நானும் என் மகள் ஷாந்தினியும்தான். அவளுக்கு இருபது வயது. குருபோங்கில் ஓர் எலக்ட்ரானிக் பேக்டரியில் காலை ஷிஃப்ட்.

என் மனைவி பவானேஸ்வரி எண்பத்தாறில், ஷாந்தினிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, வீட்டை விட்டுப் போய்விட்டாள். போனதற்குக் காரணம் அவள் விரல்கள் என்று அவளுடைய அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இடது கையில் இரண்டு விரல்கள். உடைந்தது உண்மை. கதவிடுக்கில் வைத்து நான்தான் உடைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் மூன்று முறை கேட்டேன். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவள் இரண்டு மணி நேரம் எங்கே இருந்தாள் என்பதுதான் கேள்வி. மூன்று முறை கேட்பது என் தொழில் வழக்கம். மீட்டரை ஒரே இடத்தில் மூன்று முறை வைத்துப் பார்ப்பேன். மூன்றும் ஒன்றாகக் காட்டினால் சாமான் நல்ல சாமான். மாற்றி மாற்றிக் காட்டினால் அது கெட்டுவிட்டது. பவானேஸ்வரி முதலில் பஸ் வரவில்லை என்றாள். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போனேன் என்றாள். நான் என்ன செய்ய முடியும்?

ஷாந்தினி அப்படியில்லை. அம்மா போன பிறகு அவள் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். முதல் தடவை கேட்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுவாள். கேட்காததையும் சொல்வாள். பஸ் பதினைந்து நிமிடம் லேட், பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு மலாய் அக்கா, இறங்கும்போது குடையை மறந்து மறுபடி ஏறி எடுத்தேன் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். அவளை நான் அடித்தது மொத்தம் நான்கு தடவைதான். பக்கத்து வீட்டு இருசம்மாள் அக்கா எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லக்கூடும்.

இனி தங்கையா விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கையா கட்டடக் குத்தகைக்காரர். செர்காமில் கடலோரமாக ஒரு தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். அவரும் நானும் ஜாசின் பக்கம் ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள். என்னைவிட ஐந்து வயது இளையவர். எவ்வளவு பெரிய ஆளான பிறகும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். போன வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய கறுப்பு ஜெர்மன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அந்த ரகக் காரில் எத்தனை டிகிரி வேண்டும் என்று எண்ணை அழுத்தினால் போதும். மற்றதைக் கார் பார்த்துக்கொள்ளும்.

“அண்ணே, இருபத்திரண்டு வெச்சாலும் ஐஸ் பெட்டிக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு லா. முட்டி ரெண்டும் மரத்துப் போவுது. ஒரு வாரமா இதே கதைதான்.”

அவருடைய வலது கையில் விரல்கள் மட்டும் தெரிய முழங்கை வரை மாவுக்கட்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார். ஆட்டோமேட்டிக் கார் என்பதால் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார். சாவியை இடது கையால் நீட்டினார். இடது கையால தர்றேன், மன்னிச்சுக்குங்கண்ணே என்றார். மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பழுது எங்கே என்று எனக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. டாஷ்போர்டில் ரேடியோவுக்குக் கீழே, அந்த எண் பொத்தான்களுக்குப் பக்கத்தில், பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். அதற்குப் பின்னால் கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டி விசிறி. அது காருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி சென்ஸாரின் மேல் விடும். சென்ஸார் சூட்டை அளந்து சொல்லும். விசிறி நின்றுபோனால் சென்ஸார் டாஷ்போர்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் சூட்டை அளக்கும். உள்ளே இருப்பவர் வெந்துகொண்டிருக்கிறார் என்று நம்பி கார் குளிரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காரின் மேல் தப்பில்லை. அதற்கு வருகிற தகவல் பொய்.

ஒரு துண்டு டிஷ்யூ தாளைச் சல்லடையின் மேல் வைத்தேன். விசிறி ஓடினால் தாள் ஒட்டிக்கொள்ளும். மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் கீழே விழுந்தது. விசிறி தனியாகக் கிடைக்காது, சென்ஸாரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

தங்கையா தன்னை ஏற்றிப்போக லாரி வருவதற்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் ஷாந்தினி வந்தாள். ஷிஃப்ட் முடிந்ததும் எனக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவது அவள் வழக்கம்.

“இதாரு, ஷாந்தினியா? சின்னதுல பார்த்தது. கார் ஓட்டப் படிம்மா. லைசென் எடுத்துட்டு வா, நம்ம ஆபீஸ்ல வேலை போட்டுத் தர்றேன்.”

அவள் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். “இதுல இருபத்திரண்டு வெச்சா இருபத்திரண்டேதானா அங்கிள்?”

“உங்கப்பா கை வெச்சா ஆடாம நிக்கும்மா.”

அவள் சிரித்தாள். பல்வரிசை முழுவதும் தெரிய ஒரு சிரிப்பு. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டாஷ்போர்டைக் கழற்றினேன். விசிறி கருகியிருந்தது. கருகியதற்குக் காரணம், அதன் நடுத்தண்டில் இறுகச் சுற்றிக்கொண்டிருந்த நூல். ஒரு விரற்கடை நீளம் இருக்கும். ஊசியால் ஒவ்வொரு சுற்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். மஞ்சள் நூல். மூக்கருகில் கொண்டுபோனேன். மஞ்சள் வாசம் இன்னும் இருந்தது.

உங்களுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்காகச் சொல்கிறேன். எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் மாசித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள் பதினைந்து நாளுக்கு முன்னால் காப்புக் கட்டிக்கொள்வார்கள். மஞ்சளில் நனைத்த நூல். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. கட்டிவிட்டால் கவிச்சி கூடாது. மற்றதும் கூடாது. திருவிழா முடிந்த பிறகு பூசாரிதான் அதை அவிழ்க்க வேண்டும். ஷாந்தினி இந்த வருடம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, பத்து நாளுக்கு முன்னால் காப்புக் கட்டியிருந்தாள். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் குறையணும்னு என்றாள். முதல் தடவையிலேயே சொல்லிவிட்டாள்.

கட்டின மூன்றாம் நாள் அவள் கையில் காப்பு இல்லை. குளிக்கும்போது அறுந்து தண்ணீரோடு போய்விட்டது என்றாள். நானும் நம்பினேன். அது நடந்து ஒரு வாரம். தங்கையாவின் ஏர்கோன் கெட்டும் ஒரு வாரம்.

நான் அவசரப்படவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். அந்தச் சல்லடை ஓட்டுகிறவரின் இடது கைப்பக்கம் இருக்கிறது. ஆணுக்குக் காப்பு வலது கையில். அப்படியானால் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் அந்த எண்களை அழுத்தியது காப்புக் கட்டிய ஒரு பெண். கார் ஓட்டப் படிம்மா என்று அவர் சொன்னது வியாழக்கிழமைதான் முதல் தடவை என்று நான் எப்படி நம்புவது? என் மகள், விரதத்தில் இருக்கிறவள், அந்தத் தோல் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவன். இது ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கும்போது தானாக வந்து நின்ற முடிவு. நான் வலிந்து கொண்டுவரவில்லை.

நூலைத் தாளில் மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“காப்பு எங்க?”

“குளிக்கிறப்ப அறுந்து போச்சுன்னு சொன்னேனேப்பா.”

“காப்பு எங்க?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பிறகு மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

“அப்பா, நெசத்தச் சொல்லிடுறேன். கிளீன் ரூம்ல நூலு, துணிப் பிசிறு எதுவும் இருக்கக் கூடாதுப்பா. லீடர் பார்த்துட்டாங்க. அவுக்கலைன்னா வேலைக்கு வராதன்னாங்க. நானே கத்தரியால வெட்டிட்டேன். லாக்கர்ல பத்திரமா வெச்சிருக்கேன், திருவிழா அன்னிக்கு பூசாரிகிட்ட குடுத்துடலாம்னு. காப்ப வெட்டிட்டேன்னு சொன்னா நீங்க...”

அதோடு நிறுத்திவிட்டாள். எனக்கு அவளுடைய விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்துவிட்டது. ஒன்பது வயதிலிருந்து ஒரு பதில் மட்டும் சொன்ன பிள்ளை. என் நெஞ்சு வலித்தது, சார்ஜன். அதை யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் சொன்ன இடத்தைக் காட்டு என்று குளியலறைக்கு அழைத்துப் போனேன். அவள் வந்தாள். எதிர்த்து நிற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி சிமெண்டால் கட்டியது. ஓரம் கூர்மையாக இருக்கிறது, ஓடு பதித்துவிடலாம் என்று அவளே இரண்டு தடவை சொன்னாள். நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பின்கழுத்தைப் பிடித்து நெற்றியை அந்த ஓரத்தில் மோதினேன். காப்பு எங்கே என்று கேட்டேன். லாக்கர்லப்பா என்றாள். மறுபடி மோதினேன். கேட்டேன். லாக்கர் என்றாள், அல்லது அதைப் போல ஏதோ ஒன்று. மூன்றாவது தடவை பதில் வரவில்லை.

தரையைக் கழுவினேன். அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்து, நெற்றியில் துண்டைக் கட்டி, விசிறியை மூன்றில் வைத்தேன். அவள் சூடு தாங்காத பிள்ளை. மூச்சு விடும் சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது. குறட்டைபோல, கொஞ்சம் ஈரமான சத்தம். தூங்குகிறாள் என்று நானும் படுத்துவிட்டேன். காலையில் எழுந்தபோது அந்தச் சத்தம் இல்லை. விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை வேலை இருந்தது. பேக்டரிக்குப் போன் போட்டு ஷாந்தினிக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பஸ் நிலையத்தில் பார்சலை வாங்கிக்கொண்டு எட்டரைக்குப் பட்டறையைத் திறந்தேன். புதுச் சென்ஸாரை பிளக்கில் செருகி, சல்லடையைத் துடைத்து, பின்னாலிருக்கும் குழாயை இறுக்கி, டாஷ்போர்டை மூடினேன். மூடிய பிறகு எங்கே கழற்றினேன் என்று நானே தேட வேண்டும், அவ்வளவு சுத்தம். எஞ்சினை ஓடவிட்டு இருபத்திரண்டை அழுத்தினேன். முன் இருக்கையில் கண்ணாடித் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் இருபத்திரண்டு. இன்னும் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு. மூன்றாவது தடவையும் அதுவே. சல்லடையில் டிஷ்யூ தாளை வைத்தேன், ஒட்டிக்கொண்டு நின்றது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு வேலை சரியாக முடியும்போது வருகிற மகிழ்ச்சி வேறு எதிலும் வராது.

பிறகு அந்தக் காரிலேயே வீட்டுக்குப் போனேன். ஷாந்தினியின் நெற்றித் துண்டை மாற்றி, தலையை வாரி, போர்வை போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்து பின் இருக்கையில் படுக்க வைத்தேன். அந்தக் காரில் பின்பக்கக் கண்ணாடிகளுக்குத் திரை உண்டு. இருசம்மாள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

“பிள்ளைக்கு என்னா அங்கமுத்து?”

“காய்ச்சல்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“காரு யாரோடது?”

“கஸ்டமர்து.”

இரண்டாவது பதில் உண்மை.

செர்காமுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. சனிக்கிழமை என்பதால் ஆட்கள் அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் காரைக் கொஞ்சம் தள்ளி, தென்னைகளுக்கு நடுவில் நிறுத்தினேன். தங்கையா சிரித்துக்கொண்டே வந்தார். நான் இடது பக்க இருக்கைக்கு நகர்ந்துகொண்டேன். அவர் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

“இதுதாண்ணே வேணும். அப்படியே தூக்கம் வருது.”

இருபத்திரண்டு என்று எண்ணைக் காட்டினேன். சபாஷ் என்றார். பிறகு, பின்னால் திரும்பிப் பாருங்கள் என்றேன். போர்வை மூடாத முகம் மட்டும் தெரிந்தது. அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஐயோ அண்ணே, பிள்ளைக்கு என்னாச்சு? என்னண்ணே இது?”

“இவளை எத்தனை நாளா இந்தக் கார்ல ஏத்துறே?”

“என்னண்ணே பேசுறீங்க? முதல்ல ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.” இடது கையால் கியரைத் தள்ளினார். கார் நகர்ந்தது.

மறுபடி கேட்டேன். ஆஸ்பத்திரி என்றார். மூன்றாவது தடவை கேட்டேன். அவர் அழுதுகொண்டே, ஆஸ்பத்திரிண்ணே என்றார். மூன்றும் ஒரே பதில் என்றால் உண்மை என்று நானே மேலே எழுதியிருப்பதை நீங்கள் சுட்டிக்காட்டலாம். ஆனால் அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மேலும் ஒன்று. சம்பந்தமில்லாத ஒரு மனிதன் அடுத்தவன் பிள்ளைக்காக அப்படிப் பதறுவானா? பெற்றவன் நான் அமைதியாக உட்கார்ந்திருக்கிறேன்.

டாஷ்போர்டு கழற்றுகிற நீள ஸ்க்ரூடிரைவர் என் காலடியில் பைக்குள் இருந்தது. முதல் குத்து காதுக்குக் கீழே. கார் இருபதடி போய் ஒரு தென்னையில் மெதுவாக முட்டி நின்றது. அவர் இடது கையை நீட்டி என் முகத்தைப் பிடித்துத் தள்ளினார். பலமான ஆள். அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டு இன்னும் நான்கு தடவை குத்தினேன். அதற்கு மேல் தேவையில்லை என்று பட்டது, நிறுத்திவிட்டேன். ரத்தம் சல்லடைக்குள் போகாமல் உடனே துடைத்தேன். புதுச் சாமான்.

எஞ்சினை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டார். மத்தியான வெயில். நிறுத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் கார் அடுப்பாகிவிடும். ஷாந்தினிக்கு ஆகாது. கதவைச் சாத்திவிட்டு வெளியே நிழலில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் சாப்பிட்டு முடித்து வந்தார்கள், அப்புறம் நீங்கள் வந்தீர்கள். கதவைத் திறந்தபோது எண் என்ன காட்டியது என்று நான் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். யோசித்துவிட்டு, இருபத்திரண்டு என்றீர்கள். ஷாந்தினி கேட்டதற்கு அதுதான் பதில். அவளிடம் சொல்ல முடியவில்லை.

நேற்று இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தீர்கள். ஒன்று ஷாந்தினியின் லாக்கரிலிருந்து எடுத்தது. பேக்டரியில் சாமான் போடுகிற சின்னப் பைக்குள் மஞ்சள் காப்பு. ஒரே ஒரு இடத்தில் கத்தரி வெட்டு, மற்றபடி முழுசாக, பிசிறில்லாமல் இருந்தது. பையின் மேல் அவள் கையெழுத்தில், கோயிலில் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் அவளுக்கு. இன்னொரு பையில் இருந்தது தங்கையாவின் இடது மணிக்கட்டிலிருந்து வெட்டி எடுத்த காப்பு. அதன் நுனி ஒரு விரற்கடைக்குப் பிய்ந்திருந்தது. என் சட்டைப் பையிலிருந்து எடுத்த நூலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள். இரண்டும் பொருந்துகிறது என்று ஒரு தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கையை அன்றைக்கு முன்னால் பார்க்கவே இல்லையா என்று கேட்டீர்கள். எழுத்தில் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிடுகிறேன்.

பார்த்தேன். வியாழக்கிழமை சாவியை நீட்டிய கை அதுதான். மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரே கையைத் திருப்பிக் காட்டினார்.

“மாவுக்கட்டு மேல கட்ட முடியாதுன்னு பூசாரி இந்தக் கையில கட்டிட்டாரு லா. நூலு வேற தொங்கிக்கிட்டு கண்டதுலயும் மாட்டுது. அவுக்கவும் கூடாது, என்ன செய்ய?”

நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை ஊசியால் அந்த நூலை எடுக்கும்போது அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோதும் நினைவில் இருந்தது. காருக்குள் அந்த மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியபோது நூல் என் விரல்களில் சுற்றிக்கொண்டதும் தெரிந்தது.

பிறகு எதற்காக ஷாந்தினியைக் கேட்டாய் என்பீர்கள். யோசித்துப் பார்த்தால், நூல் யாருடையது என்று நான் அவளைக் கேட்கவே இல்லை. காப்பு எங்கே என்றுதான் கேட்டேன். அவள் முதல் தடவை பொய் சொன்னாள், இரண்டாவது தடவை வேறு சொன்னாள். தங்கையாவோ கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. அதையெல்லாம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டால், சார்ஜன், அடுத்த முறை நான் கேட்கும்போது வீட்டில் யார் எனக்கு உண்மை சொல்வார்கள்?